அண்ணி எழுதாத வாக்கியம்

ஒரு நூலைப் படித்தவர்கள் இருவிதமாகப் பேசுவது உலக இயல்பு. ஆயினும், அண்ணியின் நூலைக் குறித்து எழுந்த பேச்சு அந்த இயல்புக்குள் அடங்குவதாக இல்லை.

"தண்ணி மாதிரி ஓடுதுக்கா. கீழே வைக்கவே மனசு வரலை" என்று கைபேசியில் ஒரு செய்தி வரும். அதைப் படித்த மகிழ்ச்சி அவள் முகத்தில் பரவி முடிவதற்குள், "எது முன்னாடி, எது பின்னாடின்னே தெரியலை. தமிழ்ல எழுதச் சொன்னா துருக்கியிலேயே எழுதி வெச்சிருக்கீங்க" என்று அடுத்தது வரும். இரண்டையும் அனுப்பியவர்கள் படிப்பறிவு நிறைந்தவர்கள். இரண்டிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

அண்ணி என்பது கணவரின் தங்கை அவளை அழைக்கும் முறை. கணவரின் அச்சகத்தில் தாள் மடிக்கும் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு காகிதக் கடைக்காரரும் தபால்காரரும் பிடித்துக்கொண்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே அழைத்தார்கள். சலவைக்கல் இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் அவளுக்குக் கடிதப் பிரிவில் வேலை. கல் வருவது துருக்கியிலிருந்து. கடிதமும் அங்கிருந்தே வரும். 'உங்கள் சரக்கில் கீறல் இருந்தது', 'எங்கள் சரக்கில் கீறல் இல்லை' என்று தொடங்கிய அவளுடைய மொழிப் பயிற்சி, நாற்பது வயதைக் கடந்த பின்னர் ஒரு முழு நாவலைத் தமிழாக்கும் அளவுக்கு வளர்ந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

நாவலின் பெயர் 'ஒன்பதாம் துறை'. கடலிடுக்கின் இரு கரைகளுக்கும் நடுவே பயணிகளை ஏற்றி இறக்கும், கண் மங்கிவிட்ட ஒரு முதிய படகோட்டி, அவருடைய மகள், அவள் விற்றுவிடுகிற படகு. துருக்கியில் இரண்டு பாகங்களாக வெளிவந்த அந்நாவலின் முதற்பாகம்தான் இப்போது தமிழில் வந்திருந்தது.

பதிப்பாளர் சென்ற வாரம் தொலைபேசியில் விதித்த நிபந்தனை இதுதான். "ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டத்துல பேசட்டும்மா. நல்லபடியா பேசினா இரண்டாம் பாகம் உங்களுக்கு. இல்லைன்னா, ஆங்கிலம் வழியா பண்ணித் தர ஒருத்தர் தயாரா இருக்கார். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. தன் சொற்களால் வளர்த்த ஒரு பெண்ணைப் பாதி வழியில் இன்னொருவர் கையில் ஒப்படைப்பதை அவளால் கற்பனை செய்ய இயலவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

தேநீர்ப் பாத்திரம் பொங்குவதற்குச் சற்று முன்பு, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் இறங்கி வந்தாள். மாடியில் குடியிருப்பவள், கீழ்த்தெருவில் மருந்துக்கடை நடத்துபவள், எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகர் வட்டத்தின் செயலாளர்.

"அண்ணி, முன்னாடியே சொல்லிடறேன். சாயங்காலம் நான் செயலாளரா உட்காருவேன். நாத்தனாரா உட்கார மாட்டேன்."

"நாத்தனாரா உட்கார்ந்தா மட்டும் என்னை மடியில தூக்கி வெச்சுக்கப் போறியா?"

"கிண்டல் வேண்டாம். எனக்குப் பிடிக்கலை. பிடிக்கலைன்னுதான் பேசுவேன். தப்பான மாத்திரையைக் கொடுத்துட்டு, உறவுக்காரங்கதானேன்னு விட்டுட முடியுமா?"

"எந்த இடத்துல பிடிக்கலைன்னு சொல்லேன்."

"பக்க எண் இருந்தா சொல்லலாம்."

அது உண்மை. அந்தத் துருக்கிய நாவலாசிரியை தம் நாவலில் பக்க எண்ணும் அத்தியாய எண்ணும் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். தண்ணீருக்கு மைல்கல் கிடையாது என்பது அவருடைய வாதம். எந்த மொழியில் வந்தாலும் அவ்வாறே வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தார்.

"கிழவர் செத்ததுக்கு நான் அழுதேன் அண்ணி. நிஜமா அழுதேன். அந்த அழுகையை வாங்கிட்டு நீங்க என்னை முட்டாளாக்கிட்டீங்க. அதான் கோபம்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தேநீரை நின்றபடியே குடித்தாள்.

அவளை எங்கே முட்டாளாக்கினோம் என்பது அண்ணிக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிவிட்டது.

*

வீட்டின் முன்பகுதிதான் அச்சகம். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் இயந்திரம் ஓய்ந்து உறங்கியது; பசை வாசனை மட்டும் விழித்திருந்தது. கணவர் இஸ்திரி போட்ட சட்டையை அணிந்துகொண்டு, வெட்டும் இயந்திரத்தின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை அழுக்காகிவிடும் என்று சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

நண்பகலில் பதிப்பாளர் வந்தார். உயரமானவர், வாசற்படியில் குனிந்தே பழகியவர்.

"வருஷம் பூரா என் வேலை எல்லாம் இனிமே உங்ககிட்டதான்" என்று கணவரின் தோளைத் தட்டினார். "ஒன்பதாம் துறை மாதிரி ஒரு கட்டமைப்பை நான் பார்த்ததில்லை. தூக்கிப் பார்த்தா கை தானா தடவுது. அட்டை, தையல், தாள், எல்லாம் அம்சமா இருக்கு."

"வீட்டுப் புத்தகமாச்சே" என்றார் கணவர்.  அவர் காது சிவந்தது.

அவர் அந்த நூலைத் தொழிலாகச் செய்யவில்லை என்பதை அண்ணி அறிவாள். மடிக்கும் பெண்களிடம்கூட விடாமல், தாமே தாள் சேர்த்து, தாமே தைத்து, தாமே முதுகு ஒட்டினார். 'உன் பேரு உள்ளே இருக்கு, என் வேலை வெளியே இருக்கட்டும்' என்று ஒரே ஒருமுறை சொன்னார். திருமணமாகிய இத்தனை ஆண்டுகளில் அவர் பேசிய மிக நீளமான காதல் வசனம் அதுவேயாகும்.

"உள்ளே இருக்கிறதைப் பத்தித்தான்மா கொஞ்சம் கவலை" என்று பதிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் ஆகாங்கிறார், ஒருத்தர் ஐயோங்கிறார். நடுவுல ஒருத்தரும் இல்லை. என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததில்லை."

"நானும் பார்த்ததில்லை சார்" என்றாள் அண்ணி.

*

நூலகத்தின் மேல்மாடிக் கூடம் நிரம்பியிருந்தது. மின்விசிறிகள் சுற்றின, ஒலிபெருக்கி இருமியது, நாற்காலிகளைப் பின்னுக்கு இழுக்கும் ஓசை நெடுநேரம் அடங்கவில்லை. எல்லோர் மடியிலும் நீல அட்டை போட்ட அந்த நூல் இருந்தது. முன்வரிசையில் பதிப்பாளருக்கு அருகில் அண்ணி அமர்ந்தாள். கணவர் வழக்கம்போல் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

நாத்தனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அண்ணியின் பக்கம் ஒருமுறையும் திரும்பாமல் கூட்டத்தைத் தொடங்கிவைத்து, முதலில் பேசும்படி ஓய்வுபெற்ற நில அளவையரை அழைத்தாள்.

"எல்லைக்கல் காணாமப் போன நிலத்தையெல்லாம் நான் அளந்திருக்கேன்" என்று அவர் தொடங்கினார். "இந்தப் புத்தகத்தை அளக்க முடியலைங்க. பாதியிலேயே படகோட்டி செத்துப் போறார். சரி, விதின்னு மனசைத் தேத்திக்கிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினா, மனுஷன் மேசையில உட்கார்ந்து சூப்புல உப்பு குறைவுங்கிறார்."

கூடம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. அவள் தமிழாக்கிய நாவலில் படகோட்டி பாதியில் சாகவில்லை.

தையல்கடை நடத்தும் பெண்மணி ஒருவர் எழுந்தார். "சார், குறுக்கே பேசறதுக்கு மன்னிச்சுக்குங்க. அவர் கடைசியிலதானே சாகறார்?"

"பாதியிலம்மா."

"இல்ல சார், கடைசியில. நான் துணி வெட்டற மேசையில வெச்சு ரெண்டு தடவை படிச்சேன்."

"நான் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன்."

"கண்ணாடியைத் துடைச்சீங்களா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மறுபடியும் சிரிப்பு.

நாத்தனார் மேசையைத் தட்டினாள். "அமைதியா இருங்க. எந்தப் பக்கம்னு குறிப்பிட்டுச் சொல்லுங்க."

"பக்க எண் எங்கேம்மா இருக்கு? மழை பெய்யற இடம்னு வெச்சுக்கலாம்."

"எந்த மழை சார்? அதுல எட்டு மழை பெய்யுது."

இவ்வாறு கூடம் இரண்டுபட்டுக்கொண்டிருந்த வேளையில் பல் மருத்துவர் எழுந்தார். வட்டத்தில் அவருக்கு மதிப்பு மிகுதி. உலக இலக்கியங்களைப் படிப்பவர் என்ற பெயரும் உண்டு. வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு இலக்கியம் பேசுவார் என்பதால் அவரிடம் எதிர்வாதம் செய்து பழகியவர்கள் குறைவு.

"நண்பர்கள் ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கலை" என்றார் அவர். "இறந்தவர் மறுபடி வர்றது பிழை இல்லை. அதுதான் இந்த நாவலோட உயிர். துக்கத்துக்கு முன்னாடி பின்னாடி கிடையாது. இதைத் தமிழ்ல கொண்டுவர எவ்வளவு துணிச்சல் வேணும் தெரியுமா? ஒரு வாக்கியத்தை மட்டும் படிக்கிறேன். கேளுங்க."

அவர் நூலை விரித்து, குரலைத் தாழ்த்திப் படித்தார்.

"'வெள்ளைத் துணியால் அவர் முகத்தை மூடியபோது அவள் காதில் விழுந்தது, சூப்பில் உப்பு குறைவு என்று சலித்துக்கொண்ட அப்பாவின் குரல்.'"

 யாரோ கைதட்டினார்கள். தட்டல் வரிசை வரிசையாகப் பரவியது. அதுவரை முகம் சுளித்திருந்த பதிப்பாளரின் முகமும் மலர்ந்தது. அவர் அண்ணியின் பக்கம் சாய்ந்து, "இது போதும்மா. இந்த ஒரு வரி போதும். இரண்டாம் பாகம் உங்களுக்குத்தான்" என்று மெல்லச் சொன்னார்.



அந்த வாக்கியம் அவளுடையது அன்று.

முற்பகுதி அவளுடையது, பிற்பகுதியும் அவளுடையது. ஆனால் அவள் அவற்றைச் சேர்த்து எழுதவில்லை. வெள்ளைத் துணியால் முகத்தை மூடியபோது மகளின் காதில் விழுவது துறையில் நிற்கும் படகுகளின் சங்கொலி. உப்பைப் பற்றி அப்பா சலித்துக்கொள்வது அதற்கு நெடுநாள் முன்பு, வேறொரு மாலையில். ஒவ்வொரு வரியையும் பலமுறை அடித்துத் திருத்தி எழுதியவளுக்கு, தான் பெறாத பிள்ளை தெரியாமல் போகுமா?

அவள் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். கணவர் பக்கத்து நாற்காலிக்காரரின் பிரதியை வாங்கி, கட்டைவிரலால் அதன் ஓரத்தைச் சரசரவென்று தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் தலை நிமிர்ந்தது. இருவர் கண்களும் கூடத்தின் முழு நீளத்தையும் கடந்து சந்தித்தன. சொல்லாமலே இருவருக்கும் விளங்கிவிட்டது.

வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் அவளுக்கே. இரண்டாம் பாகம் கிடைத்துவிட்டது, கைதட்டலும் கிடைத்துவிட்டது, கணவரின் தொழிலுக்கும் ஒரு குறை வராது. வாயைத் திறந்தால், நண்பகலில் சிவந்த அந்தக் காது ஊரார் முன்னிலையில் என்ன நிறம் ஆகும் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

ஆனால் அதோ, நில அளவையர் அவமானப்பட்டவராக அமர்ந்திருந்தார். அவர் படித்ததைத்தானே சொன்னார். தையல்கடைப் பெண்மணியும் படித்ததைத்தானே சொன்னார். மேடையில் நாத்தனார், தனக்கு மட்டும் புரியாத ஒன்று எல்லோருக்கும் புரிந்துவிட்டதோ என்று தடுமாறிய முகத்துடன் நின்றாள். காலையில் அவள் சொன்ன கோபத்தின் பொருள் இப்போதுதான் அண்ணிக்கு விளங்கியது.

அண்ணி எழுந்தாள்.

"டாக்டர், ரொம்ப நன்றி. ஆனா அந்த வாக்கியத்தை நான் எழுதலை."

"அப்படின்னா மூல ஆசிரியையோட பெருமைன்னு சொல்றீங்க. தன்னடக்கம்."

"தன்னடக்கம் இல்லை டாக்டர். அவங்களும் எழுதலை."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "அப்புறம் யார்தான் எழுதினது?" என்றார் நில அளவையர்.

  அண்ணி வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து நாற்காலி ஒன்று பின்னுக்கு நகரும் ஓசை கேட்டது.

"நான்" என்றார் கணவர்.

கூட்டங்களில் பேசிப் பழகாதவர். கையிலிருந்த நூலைத் தூக்கிக் காட்டியபடி, நடைபாதையில் மெல்ல முன்னே வந்தார்.

"பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். அதை வரிசையா அடுக்கித் தைச்சா புத்தகம். அடுக்கறவங்களுக்குத் தெரியறதுக்காக ஒவ்வொரு ஃபாரத்துக்கும் அடியில பொடி எழுத்துல ஒரு எண் போடுவோம். பக்க எண்ணே இல்லாத புத்தகத்துல அந்த ஒரு எண் மட்டும் அசிங்கமா இருக்குன்னு, நான்தான் எடுத்துட்டேன். வீட்டுப் புத்தகம், அழகா வரணும்னு பார்த்தேன். முதல் நாள் சேர்த்தது சரியா வந்திருக்கு. மறுநாள் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். அடுக்கை எல்லாம் தூக்கித் திரும்ப வெச்சது நான். ரெண்டு அடுக்கு இடம் மாறிப் போச்சு."

எல்லோரும் கேட்கும்படி அவர் தலையை நிமிர்த்திச் சொன்னார். "பாதிப் பேர்கிட்ட இருக்கிற புத்தகம் தப்பு. மொழிபெயர்த்தவங்க தமிழ்ல தப்பு இல்லை. என் கையில தப்பு."

பதிப்பாளர் தம் நெற்றியைத் தடவிக்கொண்டார்.  முதலில் பேசியவர் நில அளவையர்தான்.

"அப்போ மூலம் துருக்கி அம்மா, மொழிபெயர்ப்பு அண்ணி, கதை அண்ணன்" என்றார் அவர். "என் கண்ணாடி மேல பழி போட்டவங்க எங்கே?"

இறுக்கம் உடைந்து கூடம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. கணவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"என் பிரதியை நான் திருப்பித் தர மாட்டேன்" என்றார் பல் மருத்துவர். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"வெச்சுக்குங்க டாக்டர். ஆனா இன்னொண்ணையும் கேட்டுட்டு வெச்சுக்குங்க" என்ற அண்ணி, தையல்கடைப் பெண்மணியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்ககிட்ட இருக்கிறது சரியான புத்தகம். அவ படகுத்துறைக்குத் தனியா போற இடத்துல இருந்து சத்தமா படிக்கிறீங்களா?"

"நானா? நான் மைக்ல பேசினதே இல்லைம்மா."

"மைக் வேண்டாம். கடையில ரெண்டு தடவை படிச்ச மாதிரி படிங்க."

அவர் படித்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, தேவையும் இல்லை. மகள் விடியலில் துறைக்குப் போகிறாள். மறுகரையிலிருந்து வந்த ஒருவனிடம் அப்பாவின் படகைப் பேசி முடிக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது. வாங்கியவனின் ஆள் கயிற்றை அவிழ்க்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அன்று மாலை வீட்டுப் படியேறுகிறாள்.

"'வாங்கியவனின் ஆள் இன்னும் தெருமுனையில் நின்றான். அவள் கதவைத் திறந்தபோது சமையலறையிலிருந்து கேட்டது, சூப்பில் உப்பு குறைவு என்று சலித்துக்கொண்ட அப்பாவின் குரல். நாளைக்குக் காற்று நன்றாக இருக்கும், சீக்கிரம் எழுப்பிவிடு என்றார் அவர். சரி என்றாள் அவள்.'"

படித்தவர் நிறுத்தினார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

மேடையில் நாத்தனாரின் கை தானாக வாய்க்குப் போனது.

"அண்ணி" என்றாள். செயலாளர் பதவி அந்தக் குரலிலிருந்து எங்கோ உதிர்ந்துவிட்டது. "அவர் உயிரோட இருக்கும்போதேவா வித்தா? அவர் செத்ததுக்கு அப்புறம், மனசு தாங்காம வித்தான்னுதானே நான் நினைச்சேன்."

"உன் புத்தகத்துல அப்படித்தான் வரும்."

"நாளைக்கு எழுப்பிவிடுங்கிறார். இவளும் சரிங்கிறா. அங்கே படகே இல்லையே அண்ணி."

"துரோகம்" என்றார் நில அளவையர். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பெத்த அப்பனுக்கே செய்த துரோகம். இதுக்கு மன்னிப்பே கிடையாது."

"வேற என்ன சார் செய்வா?" என்று தையல்கடைப் பெண்மணி நூலை மூடிவிட்டு எதிர்த்து நின்றார். "கண்ணு தெரியாத மனுஷன் கடலுக்குப் போறேங்கிறார். சொன்னா கேப்பாரா? கேக்கற ஆளா அவர்?"

"சொல்லிப் பார்த்தாளா? ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாளா?"

"உங்க வீட்டுல யாராவது உங்ககிட்ட சொல்லிப் பார்த்திருக்காங்களா சார்?"

"என் வீட்டை எதுக்கு இழுக்கறீங்க?"

"படிச்சதும் நீங்கதான் ஞாபகத்துக்கு வந்தீங்க."

பல் மருத்துவர்கூடத் தம் பிரதியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண் செய்தது அன்பா, கோழைத்தனமா என்று பக்கத்திலிருந்தவரிடம் வாதாடத் தொடங்கினார். வரிசைகள் குலைந்தன. நாற்காலிகள் வட்டமாயின. அமைதி காக்கும்படி மேசையைத் தட்ட வேண்டிய செயலாளரே, மேடையை விட்டு இறங்கிவந்து, நில அளவையரிடம் விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அண்ணி நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். பிடித்தது என்பவர்களும் பிடிக்கவில்லை என்பவர்களும் முன்னைப்போலவே இருந்தார்கள். முன்னைவிட உரக்கவும் இருந்தார்கள். ஆயினும் ஒருவர்கூட மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசவில்லை. தமிழ் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. தமிழ் புரியவில்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் தங்கள் தெருவில் குடியிருப்பவள் போலவும், நாளைக் காலையில் அவளை எதிரில் பார்த்தால் முகம் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் வழக்கு என்பது போலவும் அவர்கள் சண்டையிட்டார்கள்.

சலவைக்கல் கடிதங்களில் தொடங்கிய பயணம் எங்கே வந்து சேர வேண்டும் என்று அவள் இத்தனை ஆண்டுகள் ஆசைப்பட்டாளோ, அங்கே வந்து சேர்ந்துவிட்டது. மார்பு நிமிர, ஒருமுறை ஆழமாக மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு சென்ற வாரத்திலிருந்து உள்ளே தங்கியிருந்த மூச்சு.

*

பதிப்பாளர் கணவரை ஒரு தூணோரமாக அழைத்துச் சென்றிருந்தார். அண்ணி அவர்களிடம் போனாள்.

"அத்தனையையும் திரும்ப வாங்கி, பிரிச்சு, நானே கட்டித் தர்றேன்" என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது சரி. ஆனா இரண்டாம் பாகம்..." என்று பதிப்பாளர் இழுத்தார்.

"சார்" என்றாள் அண்ணி. "இரண்டாம் பாகம் எனக்குன்னா, கட்டறது இவர்தான். வேற கை படக் கூடாது."

பதிப்பாளர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், ஒரு புனைகதைப் பெண்ணுக்காகக் கழுத்து நரம்பு புடைக்க வாதாடும் கூட்டத்தைப் பார்த்தார். முப்பது புத்தக வெளியீட்டு விழாக்களில் கிடைக்காதது இங்கே தானாக நடந்துகொண்டிருந்தது.

"ஃபாரத்துக்கு எண் போட்டா?"

"போட்டு" என்றார் கணவர்.

"அப்போ சரி. உங்களுக்குத்தான்மா." அவர் தம் கைபேசியை எடுத்தார். "இன்னொரு விஷயம். முடிவு தெரியாம சொல்ல வேண்டாம்னு இருந்தேன். இரண்டாம் பாகம் முழுக்கப் படகுக்காரங்க பேச்சாம். அகராதியில கிடைக்காதாம். மொழிபெயர்க்கிறவங்க நாலு மாசம் தன் வீட்டுல வந்து தங்கிப் பண்ணணும்னு அந்த நாவலாசிரியை எழுதியிருக்காங்க. துறைக்குப் பக்கத்துலயே வீடு. உங்களால கிளம்ப முடியுமா?"

அண்ணி பதில் சொல்வதற்கு முன், அருகில் ஒரு குரல் முந்திக்கொண்டது.

"போவாங்க" என்றாள் நாத்தனார். வாதத்தில் மூச்சு வாங்கியிருந்தது. "வீட்டை நான் பார்த்துக்கறேன். அண்ணனையும் பார்த்துக்கறேன். நீங்க போய்ச் சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க அண்ணி. அவ கடைசியில அவர்கிட்ட சொன்னாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா நீங்களே இப்போ சொல்லிடுங்க. நீங்கதான் துருக்கியில படிச்சிட்டீங்களே."

"சொல்ல மாட்டேன்."

"ஒரே வார்த்தை அண்ணி. ஆமாவா, இல்லையா?"

"வாங்கிப் படிச்சுக்கோ."

நாத்தனார் எதற்கும் காத்திருந்து பழகாதவள். அன்று அவள் வாயை மூடிக்கொண்டு, அண்ணியின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அந்த அழுத்தத்தில் எத்தனையோ ஆண்டுக் கணக்கு நேரானது.

கூட்டம் படிகளில் இறங்கும்போதும் சண்டை ஓயவில்லை. தெருவிலிருந்தும் நில அளவையரின் குரல் கேட்டது. காலியான கூடத்தில் கணவர் மட்டும், வாசகர்கள் திருப்பித் தந்த நூல்களையும் பதிப்பாளர் விற்பனைக்குக் கொண்டுவந்த நூல்களையும் மேசைமேல் சரியானவை, தவறானவை என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் அண்ணி. "நான் இன்னும் சரின்னு சொல்லலை."

"அதான் உன் நாத்தனார் சொல்லிட்டாளே."

"அவ சொன்னது அவளுக்காக. நீங்க சொல்லுங்க. நாலு மாசம்."

 அவர் ஆயிரக்கணக்கான நூல்களைக் கட்டியவர். கட்டிய எதையும் படிக்கும் வழக்கம் இல்லாதவர். இப்போது மேசையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். நாற்காலியை வெளிச்சத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"முதல்ல படிச்சு முடிக்கிறேன்" என்றார். "அந்தப் பொண்ணு சொல்லாம ஏன் செஞ்சான்னு தெரிஞ்சுக்கணும். அப்புறம் பதில் சொல்றேன்."

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. தன் எழுத்தைத் தன் கணவர் முதன்முறையாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு அண்ணி நெடுநேரம் நின்றாள். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் எதுவும் அவளை இவ்வளவு நிறைக்கவில்லை.

பிறகுதான் அவள் கண் மேசைக்குப் போனது. இரண்டு அடுக்குகளும் ஒன்றுபோலவே உயர்ந்து, ஒன்றுபோலவே நீலமாக நின்றன. அவர் கையிலிருக்கும் பிரதியை எந்த அடுக்கிலிருந்து எடுத்தார் என்பதை அவள் கவனித்திருக்கவில்லை.